மண்ணெண்ணெய்த் தகரமும் தோட்டக்காரரின் கைத்திறனும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கிணற்றடியில், கத்தரிப் பாத்திக்கும் கீரைப் பாத்திக்கும் நீர் சுமந்த பாத்திரம் எது என்று பார்த்தால், அது பல வீடுகளில் அமெரிக்காவிலோ ருஷ்யாவிலோ பர்மாவிலோ பூமியின் அடியிலிருந்து எடுக்கப்பெற்ற எண்ணெயைச் சுமந்து வந்து, அந்த எண்ணெய் விளக்கில் எரிந்து தீர்ந்தபின் வேறு வேலைக்கு அமர்த்தப்பெற்ற சதுரத் தகர டின்னாகவே இருந்திருக்கும். அந்த டின்னைத் தோட்டத்துக்கென்று எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. எந்த விவசாய இலாகாவும் அதைச் சிபாரிசு செய்யவில்லை. எண்ணெய் தீர்ந்தால் எறியப்படவேண்டிய உறை அது. அதை எடுத்து, வெட்டி, மடித்து, ஈயம் பற்றவைத்து, நீர் வார்க்கும் பாத்திரமாகவும் நாற்றுத் தொட்டியாகவும் பறவை விரட்டும் பறையாகவும் ஆக்கிக்கொண்டவர்கள் நம் தோட்டக்காரர்களும் தெருவோரத் தகர வேலைக்காரர்களுமே. அவர்களுடைய யுக்தி நம் நாட்டுத் தொழில்நுட்பச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தகரம் வந்துசேர்வதற்கு முன் நம் தோட்டங்கள் கருவியின்றி இருந்தன என்று எண்ணலாகாது. பனையும் தென்னையும் கமுகும் மூங்கிலும் உணவுக்கும் கூரைக்கும் உதவியது போக, எஞ்சிய உறுப்புகளைக்கொண்டே நீர் இறைக்கும் சாதனங்கள் பல நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வந்தன. வயிரம் பாய்ந்த முதிர்ந்த பனையைப் பிளந்து, நடுவிலுள்ள சோற்றியைக் குடைந்தெடுத்தால், கிணற்று வாயிலிருந்து வாய்க்கால் வரை நீரைக் கொண்டுசெல்லும் ஓடை கிடைத்துவிடும். கீழேயுள்ள குட்டையிலிருந்து மேட்டுப் பாத்திக்கு நீர் ஏற்ற, இருவர் எதிரெதிரே நின்று கயிறு பிடித்து வீசும் இறைகூடையை மூங்கிற் பிளாச்சிலோ பனை நாரிலோ முடைந்துகொண்டார்கள். கமுகந் தோட்டங்களில் தானாக உதிர்ந்து விழும் பாக்குமட்டையே மடித்துக் கட்டினால் அகப்பையாகி, வாய்க்கால் நீரை வாரி இறைக்க உதவிற்று. யாழ்ப்பாணத்தில் துலா மிதித்துக் கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்த தோட்டக்காரர்கள், துலாக்கொடியின் நுனியில் கட்டியது பனையோலையால் இழைத்த பட்டையை; கிணற்றின் கல்லில் மோதினாலும் உடையாமலும், வெறுமையாக இறங்கும்போது கைக்குப் பாரமாக இல்லாமலும் இருந்த அந்த ஓலைப் பாத்திரத்தின் அமைப்பை ஆராய்ந்து பார்ப்பவர் வியக்காமலிருக்க முடியாது. பனையின் பயன்களை எண்ணூற்றொன்று என்று கணக்கிட்டுப் பாடிய தாலவிலாசம் என்னும் நூல் ஒன்று உண்டு என்றால், அந்தக் கணக்கில் பெரும்பகுதி இத்தகைய எளிய வீட்டு, தோட்டத்து உபகரணங்களுக்கே உரியது என்று ஊகிப்பது தவறாகாது.

மண்பாண்டங்களின் கதையும் அதுவே. விளிம்பு உடைந்து சமையலுக்கு ஆகாத பானையின் அடியில் சிறு துளையிட்டு, துணித்திரி செருகி, புதிதாக நட்ட தென்னங்கன்றின் வேரடியில் புதைத்துவிட்டால், அதில் வார்த்த நீர் நாள் முழுவதும் கசிந்து கன்றைக் காப்பாற்றும். கோடைக்காலத்தில் சிவாலயங்களில் லிங்கத்தின்மேல் தாராபாத்திரம் கட்டித் துளித்துளியாக நீர் விழச் செய்யும் வழக்கத்தை அறிந்த மக்களுக்கு, இந்த ஏற்பாட்டை வேறு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. காய்ந்த சுரைக்குடுக்கையில் சாம்பலோடு விதையை இட்டு அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டால் அது அடுத்த பருவம் வரை வண்டு துளைக்காத விதைப் பெட்டகம். கொல்லுப்பட்டறையிலோ, தேய்ந்துபோன வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா களைக்கொத்தாகவும் மண்வெட்டியாகவும் மறுபிறப்பு எடுத்தது. மோட்டார் வண்டிகள் பெருகிய பிற்காலத்தில் லாரியின் வில்பட்டைகள் அரிவாள்களாயின. ஆக, ஒரு பொருளின் முதற்பயன் முடிந்தபின் அதன் வடிவத்தையும் வலிமையையும் பார்த்து இரண்டாம் பயனைத் தீர்மானிக்கும் பயிற்சி இங்கே முன்னமே வேரூன்றியிருந்தது. இப்படிப் பழகிய கைகளுக்குத்தான் மண்ணெண்ணெய் டின் வந்து வாய்த்தது.

அது வந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். 1859இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து டைட்டஸ்வில் என்னும் ஊரில் எட்வின் டிரேக் என்பவர் தோண்டிய எண்ணெய்க் கிணறு பலன் தந்ததும், அதிலிருந்து வடித்த மண்ணெண்ணெய் சில ஆண்டுகளுக்குள் உலகின் பல துறைமுகங்களுக்கும் செல்லலாயிற்று. மரப் பீப்பாய்களில் அனுப்பிய எண்ணெய் வெப்ப தேசங்களுக்குச் செல்லும் நீண்ட கடற்பயணத்தில் ஒழுகி வீணானமையால், வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டால் சதுர டின்கள் செய்து, இரண்டிரண்டாக மரப்பெட்டியில் அடைத்து அனுப்பும் முறையை வியாபாரிகள் கைக்கொண்டார்கள். உருளைகளை அடுக்கினால் இடையிடையே இடம் வீணாகும். சதுரமாயின் கப்பலின் அடித்தளத்தில் ஓரங்குலமும் வீணாகாது. அமெரிக்க அளவில் 5 காலனும், நம் நாட்டில் வழங்கிய பிரிட்டிஷ் அளவில் 4 காலனுக்குச் சற்று மிகுதியும் கொண்ட அந்த டின்னின் உருவம் இவ்வாறு கப்பலின் தேவையால் ஏற்பட்டது. ஆயினும் ஒரு மனிதன் ஒரு கையில் தூக்கக்கூடிய நீரின் அளவுக்கு அது மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது நம் தோட்டங்களின் பாக்கியம் என்றே சொல்லவேண்டும்.

இந்தத் தகரம் கீழ்த்திசை மக்களுக்கு எவ்வளவு இன்றியமையாததாகிவிட்டது என்பதை வியாபாரிகளே ஒருமுறை நஷ்டத்தின் மூலம் கற்றுக்கொள்ள நேர்ந்தது. காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்குவின் எண்ணெய் இரயில் வழியாகக் கருங்கடல் துறைமுகமான பாட்டூமுக்கு வரத்தொடங்கியபின், லண்டன் வியாபாரியான மார்க்கஸ் சாமுவேல் என்பவர், டின்னும் பெட்டியும் இல்லாமல் கப்பலின் வயிற்றிலேயே எண்ணெயை நிரப்பி அனுப்பினால் அமெரிக்கர்களைக் காட்டிலும் மலிவாக விற்கலாம் என்று கணக்கிட்டார். அவருடைய மியூரெக்ஸ் என்னும் கப்பல், 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சுமார் 4000 டன் எண்ணெயுடன் சூயஸ் கால்வாயைக் கடந்து சிங்கப்பூரையும் பாங்காக்கையும் நோக்கிச் சென்றது. கணக்கு யாவும் சரியாகவே இருந்தது, ஒன்றைத்தவிர. மக்கள் தங்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்து எண்ணெயை வாங்கிச் செல்வார்கள் என்று அவர் நம்பியிருக்க, அவர்களோ எண்ணெயைப் போலவே டின்னையும் விரும்பி வாங்குபவர்கள் என்பது பின்னரே புலப்பட்டது. அமெரிக்கக் கம்பெனியின் நீல டின்களை வெட்டிக் கூரை வேய்ந்தும், கிண்ணமும் அடுப்பும் வடிகட்டியும் செய்தும் பழகியிருந்த ஆசிய மக்கள், டின் இல்லாத எண்ணெயை மலிவானாலும் தீண்டவில்லை. வேறு வழியின்றிச் சாமுவேல், தகரத் தகடுகளைக் கப்பல் கப்பலாகக் கிழக்கே அனுப்பி, அந்தந்த ஊர்களிலேயே டின் செய்யும் பட்டறைகளை ஏற்படுத்தி, அவற்றுக்குச் சிவப்பு வர்ணம் பூசச் செய்தார். நெடுந்தூரம் பிரயாணம் செய்து துருவேறி வந்த நீல டின்களின் நடுவே அப்போதே செய்த சிவப்பு டின்கள் பளபளவென்று விளங்கவே, வியாபாரம் அவர் பக்கம் சாய்ந்தது. ஷெல் என்னும் பெருங்கம்பெனி 1897இல் அவரால் நிறுவப்பட்டது. உலகத்தின் மிகப் பெரிய வியாபாரப் போட்டிகளில் ஒன்றின் போக்கை, எண்ணெய் தீர்ந்தபின் வெறும் டின்னை என்ன செய்யலாம் என்று யோசித்த ஏழை வீட்டுக்காரர்கள் ஒருபடியேனும் நிர்ணயித்தார்கள் என்பது மறக்கத்தக்க விஷயமன்று.

தகடுகள் அக்காலத்தில் பெரும்பாலும் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலிருந்து, முக்கியமாக லானெல்லி என்னும் ஊரின் ஆலைகளிலிருந்து வந்தன. பின்பு, பர்மா எண்ணெய்க் கம்பெனியும் டாட்டா இரும்புக் கம்பெனியும் சேர்ந்து 1920இல் பதிவுசெய்த கம்பெனி, ஜாம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் ஆலை அமைத்து, 1922இல் தகடு செய்யத் தொடங்கிற்று. எண்ணெய் டின்னுக்காகவே இந்தியாவில் ஓர் ஆலை எழுந்தது என்றால் அதன் செலாவணி எவ்வளவு என்று யூகித்துக்கொள்ளலாம்.

இனி, கிராமத்துக்கு வந்த டின் என்ன ஆயிற்று என்பதைக் காண்போம். மளிகைக் கடையில் சில்லறையாக எண்ணெய் விற்றுத் தீர்ந்ததும் வெற்று டின் தனி விலைக்குப் போகும். நெளியாமலும் துருப்பிடியாமலும் இருப்பதற்கு ஒரு விலை. அடி பொத்தலானதற்கு வேறு விலை. பொத்தலானதை நாற்றுக்கும் செடிக்கும் வாங்குவார்கள். துளசியும் ரோஜாவும் குரோட்டனும் வளர்ந்த முற்றங்களில் மண் தொட்டிக்கு ஈடாக அது நின்றது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் விதை முளைக்கவைக்கும் இரண்டு ஆழமற்ற தட்டுகள். நல்ல டின்னாயின் மேல்மூடியை உளியால் வெட்டியெடுத்து, கையைக் கிழிக்கும் விளிம்பைக் கம்பி வைத்து மடித்துச் சுத்தியால் தட்டி, வாயின் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் பொருத்தி இருபுறமும் ஆணி அறைந்துவிட்டால், வாளியாகிவிடும். 4 காலன் நீரின் எடை 40 ராத்தல் (பவுண்டு). இரண்டு டின்களைக் காவடித் தண்டின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, ஒரு தோட்டக்காரர் ஒரு நடையில் 80 ராத்தல் நீரைப் பாத்திக்குக் கொண்டுபோய்விடலாம்.

ஆனால் தகர வேலைக்காரரின் திறமை முழுவதும் வெளிப்பட்டது பூவாளியிலேதான். விதை தூவிய நாற்றங்காலில் குடத்து நீரை அப்படியே கொட்டினால் மண் அரித்து விதை ஒருபக்கம் ஒதுங்கிவிடும். மழைபோல நீர் விழவேண்டும். சீமையில் இதற்கென்று பூவாளிகள் விற்றன. மொரீஷியஸ் தீவில் உத்தியோகம் பார்த்துவந்த ஜான் ஹாஸ் என்பவர், அங்கே வழங்கிய நீர்வார்க்கும் பாத்திரம் தூக்கவும் சாய்க்கவும் இசைவாக இல்லாமை கண்டு, திருத்திய அமைப்பு ஒன்றுக்கு 1886இல் காப்புரிமை பெற்றார். சென்னையில் துரைமார் பங்களாக்களின் தோட்டங்களுக்கு அத்தகைய சாமான்கள் கப்பலில் வந்திருக்கலாம். கிராமத்துத் தோட்டக்காரர் அதற்குக் கொடுக்கும் விலையில் ஒரு பருவத்து விதையை வாங்கிவிடுவார். எனவே மண்ணெண்ணெய் டின்னின் அடிப்பக்கத்தை ஒட்டித் துளையிட்டு, மற்றொரு டின்னின் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி அதில் பொருத்தினார்கள். அடியை ஒட்டிப் பொருத்தினால்தான் கடைசித் துளி வரை நீர் வெளியேறும். கூம்பின் வாய் டின்னின் மேல்விளிம்புக்குச் சமமாக உயர்ந்திருந்தால்தான் நடக்கும்போது நீர் வழியாமல் இருக்கும். கரி நெருப்பில் காய்ச்சிய செம்பு முனைக் கோலை நவச்சாரக் கட்டியில் தேய்த்து, ஈயத்தை உருக்கி மூட்டுவாயில் இழுத்துச் செல்லும்போது கை சிறிது நடுங்கினாலும் ஒழுக்கு ஏற்படும். கூம்பின் வாயில் பொருத்தும் சல்லடையான பூவின் முகத்துக்கு வட்டத் தகட்டைக் குழிந்த மரக்கட்டைமேல் வைத்துத் தட்டிப் புடைப்பாக்கி, மெல்லிய ஆணியால் வரிசை வரிசையாகத் துளைப்பார்கள். முகம் புடைப்பாக இருப்பதால் நீர்க்கம்பிகள் ஒன்றோடொன்று கலவாமல் விரிந்து பிரிகின்றன. தட்டையாக விட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே தாரையாக விழும். வாயின் பாதியை ஒரு தகட்டால் மூடிவிடுவதும் உண்டு. சாய்க்கையில் நீர் மேலே ததும்பாமல் இருக்க அது உதவும். இத்தனையையும் எழுத்து வாசனை இல்லாத ஒரு தொழிலாளி, வரைபடமும் அளவுகோலும் இன்றி, மரத்தடியில் உட்கார்ந்து சில நாழிகைக்குள் செய்து முடித்தார் என்பதை எண்ணும்போது, அவருக்கு வணக்கம் செலுத்தத் தோன்றுகிறது.

டின் மட்டுமன்று, அதில் வந்த எண்ணெயின் மிச்சமும் தோட்டத்தைச் சேர்ந்தது. செடிப்பேனையும் செதிற்பூச்சியையும் ஒழிக்க, அரை ராத்தல் சோப்பை ஒரு காலன் வெந்நீரில் கரைத்து, 2 காலன் மண்ணெண்ணெய் சேர்த்து நன்றாகக் கடைந்து, அந்தக் கலவையைப் பன்மடங்கு நீர்விட்டுத் தெளிக்கும் முறை அமெரிக்காவில் 1880களில் வகுக்கப்பெற்று, பல நாடுகளுக்கும் பரவிற்று. நெல்வயலில் கூண்டுப்புழு கண்டால் மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிரின்மேல் இருவர் இழுத்துச் சென்று புழுக்களை நீரில் விழச்செய்வது நம் உழவர்களின் பரிச்சயமான வழக்கம். பறவை விரட்டும் வேலையும் டின்னுக்கு வந்தது. தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் குறமகளிர் கொண்டிருந்ததைக் குறிஞ்சிப்பாட்டு கூறுகிறது. மூங்கிலைப் பிளந்து செய்த அந்தத் தட்டையின் தொழிலை, கம்பங்கொல்லைப் பரண்மேல் சிறுவர்கள் கம்பால் அடித்து முழக்கிய ஓட்டை டின் ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் அரசாங்கம் விவசாயக் கருவிகளைச் சீர்திருத்த எடுத்துக்கொண்ட முயற்சியையும் நினைவுகூர்வது நியாயம். 1860களில் சென்னைக் கவர்னர் சர் வில்லியம் டெனிசன், நீராவிக் கலப்பையும் கதிரடிக்கும் யந்திரமும் நீரேற்றும் பொறியும் சீமையிலிருந்து தருவித்துச் சைதாப்பேட்டையில் மாதிரிப் பண்ணை அமைக்கச் செய்தார். நோக்கம் நல்லதே. எனினும் பழுதானால் உள்ளூர்க் கொல்லர் செப்பனிட முடியாத யந்திரமும், உழவரின் வருமானத்துக்கு எட்டாத விலையும் சேர்ந்து, அம்முயற்சி கிராமங்களைத் தொடாமலேயே போயிற்று. பண்ணையை ஒட்டி வளர்ந்த விவசாயப் பள்ளி பின்னர் 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இந்திய விவசாயத்தைப் பார்வையிட 1889இல் வந்த டாக்டர் வோல்க்கர் என்னும் ரசாயன நிபுணர் 1893இல் வெளியிட்ட அறிக்கையில், இந்நாட்டு உழவரின் அறிவையும் கவனத்தையும் மனமாரப் பாராட்டி, அந்நிய நாட்டுக் கருவிகளை இங்கே புகுத்துவது எளிதன்று என்பதை எடுத்துக்காட்டினார். கருவி எதுவாயினும், அதைத் திருத்தவும் பழுதுபார்க்கவும் அதே ஊரில் கையிருக்க வேண்டும். சீமைக் கலப்பைக்கு இல்லாத அந்த வசதி டின்னுக்கு இருந்தது. ஆகவே ஒருவரும் பிரசாரம் செய்யாமலே அது ஒவ்வொரு கிணற்றடிக்கும் சென்று சேர்ந்தது.

கடல் கடந்து மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களும் இப்பழக்கத்தைக் கைவிடவில்லை. மரத்தில் வடியும் பாலை ஏந்த ஆரம்பத்தில் பயன்பட்ட கிண்ணங்களில் தேங்காய்ச் சிரட்டையும் ஒன்று. லயன் வீடுகளின் பின்புறத்தில் அவர்கள் இட்ட கீரைப் பாத்திக்கும் முருங்கைக்கும் டின் நீர் வார்த்தது. அண்டையில் காய்கறி பயிரிட்ட சீனத் தோட்டக்காரர்கள் தோளில் தண்டை வைத்து இருபுறமும் பூவாளி தொங்க, நடந்துகொண்டே இரண்டு பாத்திகளுக்கும் ஒருங்கே நீர் தெளித்த காட்சி அத்தேசத்தில் சகஜமானது.

பின்பு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1942இன் முற்பகுதியில் வெள்ளீயம் விளையும் மலேயாவும், எண்ணெய் விளையும் பர்மாவும் ஜப்பானியர் வசமாயின. பின்வாங்கிய பிரிட்டிஷார் பர்மாவின் எனாஞ்சாங் எண்ணெய் வயல்களைத் தாமே நாசம் செய்துவிட்டுப் போனார்கள். மண்ணெண்ணெய்க்குப் பங்கீடு வந்தது, டின்னும் அருமையாயிற்று. அதே ஆண்டில்தான் அதிக உணவு விளைவிக்கும் இயக்கத்தை அரசாங்கம் ஆரம்பித்தது. வெற்று நிலமெல்லாம் காய்கறி பயிரிடுங்கள் என்று அறிவித்த சமயத்தில், நீர் வார்க்கும் பாத்திரம் கடையில் கிடைக்கவில்லை. அப்போது பரணிலும் கொட்டிலிலும் கிடந்த பழைய டின்கள் இறங்கிவந்தன. பொத்தலுக்குமேல் பொத்தல் விழுந்தவற்றைத் தாரும் துணியும் வைத்து அடைத்துப் பயன்படுத்தினார்கள். அடித்தட்டு முற்றிலும் போனவை, இளங்கன்றைச் சுற்றி நிறுத்திய காவற்கூடாயின. சாலையோர மரக்கன்றுகளுக்குத் தார் பீப்பாயைத் துளையிட்டு வேலியாக நிறுத்தும் வழக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. 1950இல் மத்திய உணவு மந்திரி முன்ஷி அவர்கள் வனமகோத்ஸவம் என்னும் மரம் நடும் விழாவைத் தொடங்கிவைத்தபின் அத்தகைய பீப்பாய்களை ஊர்தோறும் காணலாயிற்று.

சுதந்திரத்துக்குப் பிந்திய மாற்றங்களை விரிவாகக் கூறவேண்டுவதில்லை. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைப் பக்கம் வந்ததிலிருந்து தொடங்கிய மோட்டார் பம்பு மெல்ல மெல்ல, மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையையும், ஏற்றத்தையும் ஓய்வுபெறச் செய்தது. நாற்றுக்குப் பாலிதீன் பையும், நீருக்குப் பிளாஸ்டிக் வாளியும் பூவாளியும் வந்தன; விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் வெடித்த பிளாஸ்டிக் பூவாளிக்கு ஈயம் பற்றவைக்க முடியாது; அது குப்பைமேட்டுக்கே போகிறது. சந்தைத் தெருக்களில் வரிசையாக இருந்த தகர வேலைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொழிலை விட்டார்கள். இன்றும் எண்ணெய்க் கடைகளில் சமையல் எண்ணெய் வரும் 15 கிலோ சதுர டின் அந்தப் பழைய டின்னின் நேர் வாரிசே. மாடித்தோட்டம் போடுகிறவர்கள் அதில் கத்தரியும் தக்காளியும் வளர்ப்பதைக் காணும்போது எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாகிறது. எனினும் அதை வெட்டி, மடித்து, மூக்கு வைத்துப் பூவாளியாக்கித் தரும் கை அருகிவிட்டது.

நம் அருங்காட்சியகங்களில் வாளுக்கும் வேலுக்கும் இடமுண்டு. உழவரின் ஏருக்குக்கூட ஒரு மூலை உண்டு. எண்ணெய் டின்னிலிருந்து கையால் செய்த பூவாளிக்கும், பனையோலைப் பட்டைக்கும், வண்டிப் பட்டாவில் அடித்த களைக்கொத்துக்கும் அங்கே இடம் வேண்டும். இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பரணிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ அத்தகைய பொருள் ஏதேனும் கிடந்தால், பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதற்கு முன், அதைச் செய்தவர் யார், எந்த ஊரார், எப்பொருளைக்கொண்டு செய்தார், அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதி, பொருளையும் குறிப்பையும் சேர்த்து அருகிலுள்ள பள்ளிக்கூடத்திலோ நூல்நிலையத்திலோ ஒப்படையுங்கள்.